நான்காவது பழம்

எங்கள் பிளாக்கின் கடைசியில், குவார்ட்டர்ஸ் வரிசை முடியும் இடத்தில் ஒரு பலாமரம் நின்றது. சுரங்கத்துக்காகக் கட்டிய டவுன்ஷிப்பில் மற்றதெல்லாம் யாரோ பிளான் போட்டு வைத்தவை. ரோடு நூல் பிடித்தாற்போல் ஓடும், வேப்பமரங்கள்கூட அளந்து நட்டவை. இந்தப் பலா மட்டும் எந்த வரிசைக்கும் ஒட்டாமல் கோணலாக நின்றது. வீடு கட்ட வந்தவர்கள் ஏதோ நல்ல மனசில் வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வீடு எங்களுடையது. மெயின் பஜார் பக்கமே ஒரு வீடு கிடைத்திருந்தும் அப்பா இந்தக் கடைசி வீட்டைக் கேட்டு வாங்கினாராம். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும் ஒவ்வொரு நாளும் அம்மா அதைச் சொல்லிக் காட்டுவார். அப்பா பதில் பேசமாட்டார். மைன்ஸில் மெஷின் ஓட்டுகிறவருக்குச் சத்தத்தைக் காதில் வாங்காமல் இருப்பது பழக்கம்தானே.

தொண்ணூறுகளில் எங்கள் பிளாக் மளமளவென்று நிரம்பியது. திருநெல்வேலியிலிருந்து, தஞ்சாவூரிலிருந்து, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஆள் கூடக்கூடப் பழத்துக்குப் போட்டி கூடியது. ஒரு வருஷம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போன பிறகு பெரியவர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். அம்மன் கோயில் தலைவர், சர்ச்சின் மூப்பர், பள்ளிவாசல் ஜமாத் தலைவர், இவர்களோடு உள்ளூர்க்காரர் ஒருவரும் இருக்கட்டும் என்று எங்கள் அப்பா. சீசனின் முதல் மூன்று பழங்கள் மூன்று இடத்துக்கும் போக வேண்டும், யாருக்கு முதல் பழம் என்பது வருஷத்துக்கு வருஷம் சுற்றி வரும் என்று முடிவானது. மிச்சப் பழங்கள் தெருவுக்குப் பொது. இதைவிட நியாயமான ஏற்பாடு எந்த ஊரிலும் இருந்திருக்க முடியாது.

இந்த ஏற்பாடு தெரியாத ஒரே ஆள் எங்கள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். ஒவ்வொரு பலா சீசனிலும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் சாக்குத்துணியில் சுற்றிய கத்தி, இடுப்பில் சொருகிய சின்ன எண்ணெய் புட்டி. எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன் நேரே மரத்தடிக்குப் போவார். வேரோடு ஒட்டிக் காய்த்திருக்கும் பழத்தை விரலால் தட்டிப் பார்த்து, அறுத்து, தோளில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்டுவார். “நம்ம மரத்துப் பழம் பாப்பா” என்பார். பிளாக்கில் எல்லோருமே அதை நம்ம மரம் என்றுதான் சொன்னார்கள் என்பதால் எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை.

ஏற்பாடு வந்த முதல் வருஷம், முதல் பழம் சர்ச்சுக்கு. ஏலம் விடுவதற்காக மூப்பர் மரத்திலேயே அதைக் குறி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு முன் வந்து பார்த்தால் காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது, பழம் இல்லை.

சாயங்காலமே கமிட்டி கூடியது. டிவியில் படம் தொடங்குவதற்குள் நீதி வழங்கியாக வேண்டும். முறைப்படி அந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பழமோ எங்கள் சமையலறையில் பாதி அறுத்தபடி கிடந்தது, பக்கத்தில் கையெல்லாம் எண்ணெயோடு அத்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பலாப்பழத்தை மறைக்க முடியுமா? அம்மா அதன்மேல் தவலையைக் கவிழ்த்தார், ஈரத்துணி போர்த்தினார், கடைசியில் ஒரு கரண்டி நெருப்பில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார்.

“ஞாயித்துக்கெழம சாம்பிராணி மணக்குதே, வூட்ல என்னங்க விசேஷம்?” என்றார் கோயில் தலைவர்.

“கொசுங்க” என்றார் அம்மா.

மூப்பர் திருநெல்வேலிக்காரர். “பழம் போனது பெரிசில்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா” என்று தொடங்கினார். ஜமாத் தலைவர் உடனே, எங்கள் பையன்கள் யாராவது எடுத்திருந்தால் நானே முன்னால் நின்று கேட்கிறேன் என்றார். உங்கள் பையன்களை யார் சொன்னது என்று கோயில் தலைவர் பதறினார். யாரும் சொல்லவில்லைதான். எங்கள் ஆட்களும் சர்ச் பழத்தைத் தொடமாட்டார்கள் என்று அவரும் சேர்த்துக்கொண்டார். இப்படி ஒருவரை ஒருவர் சந்தேகப்படவில்லை என்று சொல்லிச் சொல்லியே அறையில் சந்தேகம் புகை மாதிரி சூழ்ந்துகொண்டது. அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது யாருக்கோ வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. ராத்திரி டியூட்டி பார்க்கும் கான்ட்ராக்ட் ஆள், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். அவர் மூன்று பேரில் யாருடைய ஆளும் இல்லை. ஒற்றுமை உடனே வந்துவிட்டது. காவலில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கான்ட்ராக்டரிடம் சொல்லி ஆளை மாற்ற வேண்டும் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சமையலறைக் கதவு திறந்தது. அத்தை முழங்கை வரை எண்ணெய் மினுங்க வந்து நின்றார்.

“அந்த ஆள ஏங்க சொல்றீங்க? நாந்தாங்க அறுத்தேன். எங்கப்பா வச்ச மரங்க அது.”

அத்தை கோபமாகவும் இல்லை, பயந்தும் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது மாதிரி சொன்னார்.

“நெலம் எடுத்தப்ப நாங்கதாங்க கடசியா காலி பண்ணோம். தோ, அங்க எங்க கெணறு. இப்ப நீங்க குந்திகினு இருக்கறீங்களே, அது எங்க மாட்டுக் கொட்டா.”

ஜமாத் தலைவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நிலத்துக்காக வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், அந்த வேலைதான் அப்பாவுடையது என்பது அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் மூவரும் நல்லவர்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. போலீஸ் வேண்டாம், அபராதம் வேண்டாம், வாட்ச்மேன் பேச்சே வேண்டாம் என்றார்கள். அதோடு விடவில்லை. இந்த அம்மாவுக்கும் வருஷா வருஷம் ஒரு பழம் கொடுத்துவிடலாம் என்றார் ஜமாத் தலைவர். வேண்டுமானால் எங்கள் பங்கையே கொடுக்கிறோம் என்றார் கோயில் தலைவர். அப்படியானால் எங்கள் பங்கை என்றார் மூப்பர். பெருந்தன்மையில் ஒரு சண்டையே வந்துவிடும்போல் இருந்தது. கடைசியில் யாருக்கும் மனக்குறை இல்லாதபடி, மூன்று இடத்துக்கும் முறைப்படி போன பிறகு நான்காவது பழம் அத்தைக்கு என்று தீர்ந்தது. அவராக இறங்கி அறுக்கக் கூடாது. வாட்ச்மேன் அறுத்து வைப்பார், கமிட்டியில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று அப்பாவைக் கேட்டார்கள்.

அப்பா அத்தையைப் பார்க்காமல், “எல்லாருக்கும் சம்மதம்னா எனக்கும் சம்மதந்தாங்க” என்றார்.

அத்தை உள்ளே போய் மிச்சப் பழத்தையும் அறுத்து, சுளைகளைத் தட்டில் அடுக்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கொண்டுவந்து வைத்தார். களவு போன பொருளைக் கமிட்டியே தின்று தீர்த்தது. இவ்வளவு தித்திப்பான பலாவைப் பண்ருட்டியில்கூடத் தின்றதில்லை என்று சொல்லிக்கொண்டே படம் பார்க்கக் கிளம்பினார்கள்.

அத்தையும் கிளம்பிவிட்டார். எப்போதும் சாக்கில் கட்டிக்கொண்டு போகும் பாதிப் பழம் இந்த முறை இல்லை. ராத்திரி தங்கிவிட்டுப் போ அக்கா என்று அப்பா இரண்டு முறை சொன்னார். அத்தை என் தலையைத் தடவினார். அவர் போன பிறகுதான் பார்த்தேன், கத்தி சமையலறையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

“அத்தே, கத்திய மறந்துட்டீங்க.”

“வூட்லயே வச்சிக்க பாப்பா. அதான் அறுத்துக் குடுக்கறாங்களாமே, எனக்கு எதுக்கு?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி விடியற்காலையில் கத்தியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய சிரமம் அத்தைக்கு இல்லை. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் அதை நல்ல செய்தியாகச் சொன்னேன். அவர் நைட் ஷிப்டுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

அடுத்த வருஷம் முறைப்படி மூன்று பழங்களும் மூன்று இடத்துக்குப் போயின. நான்காவதை வாட்ச்மேன் அறுத்துத் தன் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று தலைவர்களும் தனித்தனியே வந்து அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட அதில் கை வைக்கவில்லை. பழம் கனிந்து, வெடித்து, ஈ மொய்த்தது. தெரு முழுக்க மணந்தது. தினமும் காலையில் நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கம்மாபுரம் பஸ் சரியாக ஓடுவதில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.