செத்தவர்களுக்கான விளக்கு

பிரபஞ்சம் முழுவதும் இறைவனின் அறிவே, உதிரும் இலையைக்கூட அது அறியும் என்று எங்கள் உருத்திரபுரத்துக் கோவிலில் சொற்பொழிவாற்றிவிட்டு இறங்கினேன். போரின் முடிவில் காணாமற்போன மகனை இன்னும் தேடும் அயல்வீட்டுப் பரமேஸ்வரி, அவன் பெயருக்கு அர்ச்சனை செய்யத் தட்டோடு நின்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்து, “தங்கச்சி, இனி மோட்ச விளக்கு ஏத்துங்கோ. அவன் இறைவனோடை கலந்திருப்பான்” என்றேன்.

“மாஸ்டர், அது செத்தவைக்கெல்லோ? என்ர பிள்ளை செத்திட்டானெண்டு உங்கட பிரபஞ்சம் உங்களுக்கு மட்டும் வந்து சொன்னதோ?”

அவர் ஐயரிடம் திரும்பி, மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னார்.

இறைவன் எல்லாம் அறிவான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அவன் சொல்லாத ஒன்றை, அவன் பெயரால், ஒரு தாயிடம் நான் சொல்லிவிட்டேன்.