இடப்பக்கம் இரண்டு அங்குலம்

இது நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பேய், பிசாசு என்ற பேச்சை வாசலுக்குள் விட்டதில்லை. யாராவது ஆரம்பித்தால் என் தகப்பனார் எழுந்து போய்விடுவார். நானும் அப்படித்தான் இருந்தேன். 1939-ஆம் வருஷம் பங்குனி மாதம் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷம் வரையில் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருஷம் தை மாதம் சேலத்தில் ஒரு தரகர் மூலமாக ஒரு பிளஷர் கார் வாங்கியிருந்தேன். பழைய கார். ஆறு வருஷம் ஓடியது. நல்லம்பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. புதுக் கார் என்றே சொல்லிவைத்திருந்தேன். காரணம் உண்டு. என் பெண் தீர்த்தம்மாளைக் காரிமங்கலத்தில் கொடுத்திருந்தேன். சம்பந்தி மாதையன் ஒரு கல்யாணப் பந்தியில் நூறு பேருக்கு நடுவில், "உங்க பக்கம் பெரிய வூடுன்னா இன்னும் மாட்டு வண்டிதானுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் அந்தக் கார்.

பழைய கார் வாங்குகிறவன் முதலில் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. வண்டி யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விசாரித்தால் பழையது என்பது வெளியே வந்துவிடும். தர்மபுரிப் பட்டறைக்கு அனுப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பட்டறையில் ஒரு பேச்சு விழுந்தால் மறுநாள் அது காரிமங்கலத்தில் இருக்கும். டிரைவர் கோவிந்தன்தான் தனக்குத் தெரிந்த வரையில் பிரேக்கைச் சரி பார்த்தான், எஞ்சினுக்குப் புது எண்ணெய் விட்டான். ரேடியேட்டர் கசிந்தது. ஏழெட்டு மைலுக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கோவிந்தன் வந்து நின்றான்.

"இடது பக்கம் பின்னால தாழ்ந்திருக்குதுங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு அங்குலம் இருக்குமுங்க. ஆள் உட்கார்ந்தாப்பல."

சேலத்திலிருந்து தர்மன் என்ற மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவன் பின்பக்கத்து இடது ஸ்பிரிங் பட்டையைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டான். அளவுகோல் வைத்துப் பார்த்தான். வலது பக்கம் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆறு அங்குலம். இடது பக்கம் நாலு. புதுப் பட்டையை வலது பக்கத்துக்கும் வலது பட்டையை இடது பக்கத்துக்குமாக மாற்றிப் போட்டான். மறுபடியும் அளந்தான். வலது ஆறு. இடது நாலு.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "புது வண்டிங்களா?"

"ஆமாம்."

"இந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லைங்களே. புது வண்டியை இப்படியா அனுப்புவாங்க?"

பின்சீட்டின் இடது கதவைக் காட்டினான். நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. கைப்பிடி இருந்த துளையில் மரக்கட்டை அடித்துக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தது. வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும்.

"நீ ஸ்பிரிங் வேலையை மட்டும் பார்."

"அது முடிஞ்சுதுங்க. பட்டையில குத்தம் இல்லை. பாரம் இருக்குது."

"காலி வண்டியில் என்ன பாரம்?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

ஒரு கைப்பிடி வாங்கிப் போட்டுத் தரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுப் பெண்கள் பின்சீட்டில் இடப்பக்கம் உட்காருவார்கள். அவர்களை யாரும் பார்க்கக் கூடாது என்று முன்சீட்டுக்குப் பின்னால் கனத்த திரை கட்டியிருந்தேன். ஜன்னல்களுக்கும் திரை. பெண்கள் உட்காரும் இடத்தில் கதவை உள்ளிருந்து திறக்க என்ன அவசியம்? பிடி இல்லாததே நல்லது என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பங்குனி பன்னிரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்குத் தீர்த்தம்மாள் வந்தாள். தனியாக. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்து, ஊரே பார்க்க வந்தாள். இடது முன்கையில் சூட்டுக் காயம். மாப்பிள்ளை கொள்ளிக்கட்டையால் வைத்தது என்று என் மனைவி ராமக்காள் சொன்னாள். நான் பார்க்கவில்லை. புருஷன் வீட்டுப் படியைத் தனியாகத் தாண்டி வந்தவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"அந்தக் கையை ஒரு தடவை பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள் ராமக்காள்.

"பொழுது சாய்வதற்குள் அவள் காரிமங்கலத்தில் இருக்க வேண்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து தீர்த்தம்மாளின் குரல் வந்தது. "நைனா, அனுப்பினீங்கன்னா அப்புறம் என்னை உசுரோட பாக்க மாட்டீங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கோவிந்தனைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன்.

மூன்று மணி பத்து நிமிஷம். முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தேன். கோவிந்தன் முன்னால் குனிந்து ஹேண்டில் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம். கதவு திறந்தது. ஏதோ முணுமுணுப்பு. பிறகு கதவு சாத்திக்கொண்டது. டப்.

எஞ்சின் பிடித்தது. ராமக்காள் ஏதோ கத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"புறப்படு."

ஒன்று மட்டும் மனத்தில் பட்டது. ஆள் ஏறினால் வண்டி ஆடும். அது ஆடவில்லை.

மூன்று இருபதுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கிலுங்... கிலுங்... மூச்சு வாங்கும் சத்தம். முழங்கால் ஒன்று என் இருக்கையின் முதுகில் அழுத்தியது. அழட்டும், போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

அதியமான்கோட்டை தாண்டியதும் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. மூன்று நாற்பது. சாலையோரக் கிணற்றருகே நிறுத்தினோம். கோவிந்தன் தகர டப்பாவில் தண்ணீர் சேந்தி வந்து ஊற்றினான். களக்... களக்... களக்...

"அப்பா..."

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்லிய குரல்.

"அப்பா... தண்ணி..."

தீர்த்தம்மாள் பிறந்தது முதல் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். கோபத்தில் கூப்பிடும் முறையைக்கூட மாற்றிவிட்டாளா என்று எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லவில்லை. கோவிந்தன் கையில் டப்பாவோடு என்னைப் பார்த்தான். டப்பாவில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அம்மிணிக்கு..."

"ஊற்றியாகிவிட்டதா?"

"ஆச்சுங்க."

"ஏறு."

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குத் தர்மபுரியைத் தாண்டினோம். ஊர் ஓய்ந்து சாலை வெறிச்சோடியது. அப்போது ஒரு சத்தம் தொடங்கியது.

சர்ர்... சர்ர்...

இடது கதவிலிருந்து. மரத்தை நகம் சுரண்டுகிற சத்தம்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

"ஐயா..." என்றான் கோவிந்தன்.

"ரோட்டைப் பார்."

நாலு இருபத்தெட்டு. கடிகாரம் என் கையிலேயே இருந்தது.

"அப்பா... தண்ணி..."

இந்தத் தடவை காதருகே.

பிடரியில் மூச்சு பட்டது. பங்குனி வெயில். அந்த மூச்சு சில்லென்று இருந்தது.

திரும்பிப் பார்க்க நினைத்தேன். கழுத்து வரவில்லை.

சுரண்டல் நின்றது.

வளையல் நின்றது.

மூச்சும்...

நாலு ஐம்பதுக்குக் காரிமங்கலம். சம்பந்தி மாதையன் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் ஆட்கள் நாலு பேர்.

"வாங்க. புது பிளஷர்ல கொண்டாந்து வுட்டா பழைய குத்தம் போயிடுங்களா?"

நான் இறங்கினேன். பின்கதவைத் திறந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே, "இறங்கு" என்றேன்.

யாரும் இறங்கவில்லை.

"இறங்கு என்கிறேன்."

மாதையன் எட்டிப் பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"எங்கீங்க பொண்ணு?"

பார்த்தேன்.

சீட்டு காலி.

மெத்தையில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம். ஆழமான பள்ளம். ஈரம்.

கதவின் உட்பக்கம், மரக்கட்டை அடித்த இடத்தைச் சுற்றி, கறுப்பு வர்ணம் உரிந்து கிடந்தது. கோடு கோடாக. காலையில் அந்தக் கோடுகள் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

பள்ளம் மெல்ல மேலே எழும்பியது.

கிறீச்...

வண்டியின் இடப்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. யாரோ இறங்கியது போல.

மாதையன் இரண்டடி பின்னால் போனார்.

திரும்பி வரும்போது தண்ணீர் ஊற்ற மட்டும்தான் நிறுத்தினோம். ஆறரை மணிக்கு வீடு. ராமக்காள் வாசலில் நின்றிருந்தாள்.

"தீர்த்தம்மாள்?" என்றேன்.

"உள்ளதான் இருக்குது. நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவள் சொன்னது இதுதான். மகளைக் காரருகே அழைத்துப் போயிருக்கிறாள். கதவைத் திறந்தாள். தீர்த்தம்மாள் ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே பார்த்தாள். காலை எடுத்துவிட்டாள். "ஆத்தா, உள்ள யாரோ உக்காந்திருக்குது" என்று சொல்லி மயங்கி விழுந்தாள். ராமக்காள் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

"ரெண்டு கையாலும் புள்ளையப் புடிச்சிருந்தேனுங்க. நான் கதவைச் சாத்தலை."

உள்ளே போனேன். தீர்த்தம்மாள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் கையைப் பார்த்தேன். முழங்கை வரை மருந்து. வளையல்கள் மாடத்தில் கிடந்தன. மருந்து போடுவதற்காகக் காலையிலேயே கழற்றியவை.

"நைனா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்தச் செம்பை வாங்க எனக்குக் கை வரவில்லை.

அதன்பிறகு அவளை அனுப்பவில்லை. மாதையன் ஆள் மேல் ஆள் விட்டார், ஊர் கூட்டிப் பேசினார். எங்கள் குடும்பத்தைப் பற்றி என்னென்னவோ சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும். என் பெண் என் வீட்டில் இருக்கிறாள்.

மறுநாள் காலை காரை அளந்தேன். வலது ஆறு. இடது நாலு. அன்றே டயர்களைக் கழற்றச் சொல்லி, கொட்டகையில் நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தினேன். கோவிந்தன் இடது கதவுக்கு ஒரு கைப்பிடி போட்டான். இரண்டு வருஷத்தில் மூன்று பக்கத்துச் செங்கல் வைத்தபடியே இருந்தது. பின்பக்கம் இடது மூலையில் இருந்தது மட்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கோல் வைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம்.

1946-இல் ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு உறவினர் வீட்டு விசேஷம். கோவிந்தன் ஒரு கிழவனை என்னிடம் அழைத்து வந்தான். பெயர் மாது. பழைய டிரைவர். பேச்சுவாக்கில் காரின் நம்பரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டானாம்.

"அந்த இடது கதவுக்குப் பிடியைக் கழட்டினவன் நான்தானுங்க" என்றான்.

"எதற்கு?"

"எங்கய்யா சொன்னாருங்க. பொண்ணு புருஷன் வூட்டுலிருந்து வந்துடுச்சு. திருப்பிக் கொண்டு போய் வுடணும், வழியில குதிச்சுடக் கூடாதுன்னு. முன்னால அய்யா, பின்னால அது. நடுவுல திரை. ஏறும்போதே எதையோ குடிச்சுட்டு ஏறியிருக்குது. எங்களுக்குத் தெரியலை. வழியில ரெண்டு தடவை தண்ணி கேட்டுச்சு. அய்யா திரும்பலைங்க. போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தா... உசுரு இல்லை."

கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாறு நாள் கழிச்சு அய்யாவை ஏத்திக்கிட்டு வரேன். பட்டப்பகல். பின்சீட்டு காலி. மூணாவது தடவை கேட்டுச்சுங்க."

"என்ன?"

"'அப்பா, தண்ணி'ன்னு. என் காதுல விழுந்துச்சு. அய்யாவுக்கும் விழுந்துச்சு. அப்பத்தான் அவர் திரும்பிப் பார்த்தாரு."

"எதைப் பார்த்தார்?"

"தெரியலீங்க. அதுக்கப்புறம் அவர் பேசலை. வூட்டுக்கு வந்து பார்த்தா உசுரு இல்லை. கழுத்து பின்பக்கம் திரும்பின மேனிக்கே இருந்துச்சு. எத்தனை பேர் புடிச்சும் நேராக்க முடியலை. அப்படியேதான் கொண்டு போய் வெச்சோம்."

கோவிந்தன் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அன்றைக்கு அந்தச் சாலையில் எங்கள் இருவருக்கும் கேட்டது இரண்டு தடவை.