கறுப்பு ஒயரைக் கழற்றும் முன்

"கொஞ்சம் பொறுங்க, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செட்டுக்காரர் பாதி உடம்பைக் காருக்குள் நுழைத்து ரேடியோ செட்டின் சின்னத் திரையை உற்றுப் பார்க்கிறார். இடது மணிக்கட்டில் வளையல் போலப் பேப்பர் டேப் சுருள். அதில் ஒரு சாண் கிழித்துத் தொடையில் ஒட்டிக்கொண்டு, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து எழுதுகிறார். முதல் பொத்தானில் எந்த நிலையம், இரண்டாவதில் எது, அடித்தொனியான பாஸ் எத்தனை, மேல்தொனியான ட்ரெபிள் எத்தனை, பாட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா வலப்பக்கமா, சத்தம் எந்த எண்ணில் நிற்கிறது. கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடினால் அதையும் எழுதுகிறார்.

நான் ஷெட்டுக்குப் போன அன்று வந்திருந்த டாக்சிக்காரருக்குப் பொறுமை இல்லை. "கடிகாரம் தப்புங்க, சரியா வெச்சுடுங்க" என்றார்.

"தப்பா இருந்தா தப்பாவே திருப்பித் தருவேன். அது உங்க கடிகாரம்."

எழுதி முடித்த பிறகுதான் முன்பக்க மூடியைத் திறப்பார். பத்தாம் நம்பர் ஸ்பானரால் பாட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றுவார். அந்த ஒயர் விலகிய நொடியில் பழைய செட்டுகள் பலவற்றுக்கு எல்லாம் மறந்துபோகும். பொத்தான்களில் சேர்த்து வைத்த நிலையங்கள், பாஸ், ட்ரெபிள் எல்லாம் போய், கடிகாரம் பன்னிரண்டில் நின்று கண் சிமிட்டும். வேலை முடிந்ததும் டேப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார். பிறகு டேப்பைக் கொண்டுபோய் ஷெட்டின் சுவரில் ஒட்டிவிடுவார். சுவர் முழுக்க வண்டி எண்களும் பென்சில் எழுத்தும்.

கார்களுக்குப் பாட்டு செட் பொருத்துகிற அவர் எல்லோருக்கும் செட்டுக்காரர்தான். வயது ஐம்பத்து மூன்று. குனிந்தே வேலை செய்து நிமிர்ந்து நின்றாலும் எதையோ தேடுகிறவர் போலத் தெரிகிற முதுகு. கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசையிலேயே போட்டு வைப்பார். அந்த அட்டையை யாராவது அசைத்தால் முகம் சுருங்கும். பாஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காதைத் தீட்டமாட்டார். இருக்கையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பாஸ் உடம்புல தெரியணும். காதுல மட்டும் தெரிஞ்சா அது வெறும் சத்தம்" என்பது அவர் சொல்லும் இலக்கணம். இத்தனைக்கும் வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டி கிடையாது.

வாசலருகே மேசை போட்டு, ஒயர்களுக்குத் துணி டேப் சுற்றிக் கொடுப்பது அவர் மனைவி. பேச்சு முழுவதும் அந்த அம்மாளின் பங்குக்கே வந்துவிட்டது. "வண்டி லேசா முனகினா எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டுரும். நான் மூணு தடவை சாப்பிடக் கூப்பிட்டாலும் கேக்காது" என்று என்னிடம் முறையிட்டார். டேப்பில் எழுதும் கதையை எனக்குச் சொன்னதும் அவர்தான். சொல்லும்போது கை மட்டும் சுற்றுவதை நிறுத்திவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை செட்டுக்காரர் எதையும் எழுதியதில்லை. வண்டிக்காரர் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் கறுப்பு ஒயரைக் கழற்றியிருப்பார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. இள வயதில் வேறொரு கடையில் வேலை பார்த்தபோது, உடன் இருந்தவர் ஒயரைக் கழற்றாமல் கை வைத்து, பொறி தெறித்து, ஒரு காரின் முன்பக்கம் முழுவதும் கண்ணெதிரே கருகியது. அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு விரதம். "கறுப்பு போனா பயம் போச்சு" என்பார். அவர் செய்தது தப்பே இல்லை என்பதுதான் இதில் பெரிய துயரம்.

ஒரு காலை வெள்ளை நிறப் பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் பாதி உரித்த சோபா ஒன்று கயிற்றில் கட்டியிருந்தது. வண்டிக்குள் பஞ்சும் பசையும் கலந்த வாசனை. ஓட்டி வந்தவர் இறங்கி, அடுத்த பக்கக் கதவைத் திறந்து தன் அண்ணனை இறக்கினார். அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். சோபாவுக்குத் துணி போடுகிறவர். மார்போடு ஓர் அட்டைப்பெட்டியை, கைக்குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது பாஸுக்கென்றே இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னச் சப்வூஃபர். தடித்த அகராதி ஒன்றைப் படுக்க வைத்த அளவுதான் இருக்கும். அதுவரை அந்தப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தது சோபாக்காரரின் மகள். இருபத்தாறு வயதுப் பெண்ணை அவர் பாப்பா என்றுதான் அழைப்பார். சோபாவை ஏற்றுவது, இறக்குவது, மாடிப்படியில் திருப்பித் திருப்பிக் கொண்டுபோவது எல்லாம் அவள்தான். பக்கத்து இருக்கையில் அப்பா. நாள் முழுக்க இருவரும் வண்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அவள் சொல்லி வைத்திருந்த அந்தப் பெட்டி, அவள் போன பதினோராம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் பெயர் எழுதிய பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார் அப்பா.

"இருக்கிற சத்தம் போதாதா, இது எதுக்குன்னு திட்டினேன். சிரிச்சுட்டுப் போயிட்டா" என்று செட்டுக்காரரின் மனைவியிடம் சொன்னாராம். எந்த இருக்கைக்கு அடியில் வைப்பது என்று கேட்டதற்கு, அவள் உட்காரும் இருக்கைக்கு அடியில்தான், வேறு எங்கே என்றாராம்.

அதற்குள் செட்டுக்காரர் வழக்கம்போலக் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டிருந்தார்.

வேலையை அவர் மிகுந்த அக்கறையோடுதான் செய்தார். பாட்டரியிலிருந்து ஒயர் உள்ளே வருகிற துளைக்கு ரப்பர் வளையம் போட்டார். இருக்கை போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளத்த பிறகே இன்னொரு ஒயரை முடுக்கினார். ஓட்டுநர் இருக்கையைத் திரும்பப் பொருத்தி, கறுப்பு ஒயரை மாட்டி, பென் டிரைவில் அந்தப் பெண் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளில் ஒன்றைப் போட்டார். வண்டியே ஒருமுறை மூச்சு விட்டது போலிருந்தது. சோபாக்காரரைக் கூப்பிட்டு அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார வைத்தார்.

அவர் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு, "பாட்டு எங்கிட்ட வரலையே, தம்பி" என்று செட்டுக்காரரிடம் சொன்னார்.

செட்டுக்காரர் இடப்பக்கக் கதவு ஸ்பீக்கரில் கை வைத்துப் பார்த்தார், நன்றாகப் பாடியது. சத்தத்தைக் கூட்டினார். கிழவர் இல்லையென்று தலையசைத்தார். சத்தம் இருக்கிறது, ஆனால் பாட்டு அந்தப் பக்கமாகவே போகிறது, பாப்பா ஓட்டும்போது இப்படி இல்லை என்றார். அப்போதுதான் செட்டுக்காரர் அவர் காதைப் பற்றி விசாரித்தார். முப்பது வருடம் சோபாத் துணிக்கு ஸ்டேப்பிள் பின் அடிக்கும் துப்பாக்கியை வலக்காதை ஒட்டிப் பிடித்து வேலை செய்ததில் அந்தக் காது அடைத்துப் போயிருந்தது. கதவுப் பக்கம் இருக்கும் இடக்காதுதான் ஏதோ பாதி கேட்கும்.

வண்டியை ஓட்டி வந்த தம்பி அப்போது சாதாரணமாக ஒன்று சொன்னார். "ஓட்டறவங்க பக்கத்து ஸ்பீக்கர் எப்பவோ போயிருச்சுன்னுல்ல நினைச்சேன். நான் எப்பவாவது ஓட்டினா எனக்கு ஒண்ணும் கேக்காது. இப்ப நல்லாக் கேக்குதே."

ஸ்பீக்கர் கெடவே இல்லை. அந்தப் பெண்தான் பாட்டை அப்பா பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். தன் பக்கம் ஏறக்குறைய ஊமையாக்கிவிட்டு, அத்தனை பாட்டையும் அவருடைய கேட்கிற காதுக்குத் தள்ளியிருந்தாள். எத்தனை படி தள்ளியிருந்தாள் என்பது அந்தச் செட்டுக்கு மட்டுமே தெரியும். செட்டின் கடிகாரம் பன்னிரண்டில் நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

செட்டுக்காரர் கிழவரை இறக்கிவிட்டு, ஸ்பானரை எடுத்துவந்து, பக்கத்து இருக்கையின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினார். இருக்கையைத் தூக்கி வெளியே வைத்தார். அடியில் இருந்த விரிப்பில் நீலக் கோட்டில் வரைந்த ஒரு நீள்சதுரம். ஓட்டுநர் இருக்கையின் அடியிலிருந்து சப்வூஃபரைக் கழற்றிக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். ஒயர் போக ஒரு விரல் இடம் விட்டு, கச்சிதமாகப் பொருந்தியது.

சோபாக்காரர் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டு, விரலில் ஒட்டிய நீலத்தைப் பார்த்தார். "இது என் சாக்கட்டி. துணிக்குக் கோடு போடறது. பாப்பா எடுத்திருக்கா" என்றார். பிறகு அங்கேயே, ஷெட்டின் எண்ணெய்த் தரையில், கழற்றி வைத்த இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறைத்திருக்கலாம். பாட்டைச் சாய்க்கும் ஒன்பது படிகளில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு இதுதான் என்று சொல்லியிருந்தால் கேட்பார் யாருமில்லை. செட்டுக்காரருக்கு அது வரவில்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "அண்ணே, அவங்க உங்களுக்காகத் தள்ளி வெச்சிருக்காங்க. நான் ஒயரைக் கழட்டினதுல அது அழிஞ்சுபோச்சு. பார்த்து எழுதியிருக்கணும். எழுதல."

சோபாக்காரர் கோபிக்கவில்லை. "அவ எங்கிட்ட சொல்லவே இல்லையே தம்பி. பாட்டுன்னா எல்லாருக்கும் அப்படித்தான் வரும்னு இருந்துட்டேன்" என்றார்.

அன்று மாலை வரை இருந்து, செட்டுக்காரர் முதல் வேலையின் மீதியையும் பிரித்து, நீலக்கோட்டுக்குள் சப்வூஃபரை மறுபடியும் பொருத்தினார். பாஸ் கிழவரின் முதுகில் ஏறியது. அவர் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் பாட்டைச் சாய்க்கும் அந்த எண் மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு படியாகத் தள்ளிப் பார்த்தார்கள். ஒன்றில் பற்றாது, ஒன்றில் அதிகம். "கிட்ட வருது. அவ வெச்சது இல்லை" என்பார் சோபாக்காரர்.

அந்த வாரம்தான் செட்டுக்காரர் பேப்பர் டேப்பை மணிக்கட்டில் மாட்டினார். சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பிக்கப்பின் டேப்தான் ஒட்டியிருக்கிறது. வண்டி எண், அடுத்து 'இடது', அதற்கப்புறம் வெற்றிடம். "அதைக் கிழிச்சுப் போடுங்கன்னா என் பேச்சுக்கு மட்டும் காது இல்லைங்கற மாதிரி நிக்கிறார்" என்றார் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாதம் ஒருமுறை அண்ணனும் தம்பியும் வருவார்கள். செட்டுக்காரர் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போவார். படி படியாகத் தள்ளுவார். கிழவர் இல்லையென்று தலையசைப்பார். திரும்பிப் போவார்கள். இரண்டு வருடமாக இது நடக்கிறது.

போன வியாழக்கிழமை அவர்கள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தம்பி முதலில் இறங்கி வந்து, செட்டுக்காரரைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்ப் பேசினார். இடக்காதும் மங்கிக்கொண்டு வருகிறதாம். டாக்டர் இன்னும் சில மாதம் என்று சொல்லியிருக்கிறாராம். "இன்னைக்கு எப்படியாவது கண்டுபிடிச்சுடுங்க. இனிமே அவருக்குத் தெரியாது" என்றார். செட்டுக்காரர் பேன்ட்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

சோபாக்காரர் தன் இடத்தில் அமர்ந்திருந்தார். தம்பி ஓட்டுநர் இருக்கையில். செட்டுக்காரர் தம்பியின் பக்கத்துத் திறந்த கதவு வழியாகக் கை நீட்டிப் பாட்டைப் போட்டார். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று. தலையசைப்பு. இரண்டு. மூன்று. நான்கில் கிழவரின் நெற்றி சுருங்கியது. காதைக் கதவுப் பக்கம் இன்னும் சாய்த்தார். ஐந்து. அவர் கண்ணைத் திறந்து, பொத்தானின் மேல் இருந்த செட்டுக்காரரின் விரலைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த விரலிலிருந்து மெல்ல நிமிர்ந்து முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை இருக்கையில் விரித்து வைத்தார். செட்டுக்காரர் வைப்பது போலவே.

ஆறு.

அதே நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே வரும் அந்தச் சிறிய இடைவெளி. வண்டிக்குள் எஞ்சினின் அதிர்வு மட்டும் இருந்தது.

"இதுதான்" என்றார் சோபாக்காரர். கண்ணைத் திறக்கவில்லை. "இதேதான், தம்பி. பாப்பா இங்கதான் வெச்சிருந்தா."

பாட்டே ஓடவில்லையே என்று சொல்லத் தம்பி வாயைத் திறந்தார். செட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்தார். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் இன்னொரு கையை நீட்டிச் செட்டை அணைத்துவிட்டு, காதில் இருந்த பென்சிலை எடுத்தார்.