முப்பத்திரண்டாம் நாள்

எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவனை வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர்கள் சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

சித்தப்பாவுக்கு மருத்துவமனையில் வேலை. அறுவை அறையிலிருந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, துணியில் பொதிந்து, ஆவிப் பெட்டிக்குள் வைத்துக் கிருமி நீக்கி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பொதியிலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். சூடு சரியாகப் பிடித்திருந்தால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு கொஞ்சம் வெளிறியிருந்தாலும் "மறுபடி" என்று உள்ளே தள்ளிவிடுவார். செவிலியர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

"மறுபடி அண்ணே, ஆளைப் படுக்க வச்சாச்சு. அவரு எழுந்து வீட்டுக்குப் போறதுக்குள்ள கத்தரி கிடைக்குமா?"

"கறுக்கட்டும் தங்கச்சி. அவரு சும்மா படுத்துத்தானே இருக்காரு."

அந்த வேலைக்கு அப்படித்தான் ஆள் வேண்டும். ஆனால் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவரின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரம் வந்தால் இந்த மனிதர் எழுந்து வெளியே போய்விடுவார். சாய்ந்து கிடக்கும் சைக்கிள்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருப்பார். ஒன்பது வருடமாக அவர் அப்பத்தைத் தொட்டதில்லை.

சித்தி வயிற்றுக் கட்டியோடு படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அவள் கட்டிலுக்கு எதிரே தொங்கிய நாள்காட்டியில் வரிசையாகப் பென்சில் கோடுகள் இருந்தன.

"என்ன சித்தி, பால்காரருக்குக் குறிச்சு வச்சதா?"

"உங்க சித்தப்பா சுத்தமா இருந்த நாளுடா அது," என்றாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, வேலை குவிந்து கிடந்ததால், சித்தப்பா ஒரு பொதியின் பட்டையைப் பார்க்காமலே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் திருவிருந்து எடுத்தார். திங்கட்கிழமை சித்திக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. தகுதியில்லாமல் அப்பத்தை எடுத்ததற்குத் தண்டனை என்று அவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். நாற்பது நாள் தொடர்ந்து பொய், கோபம், கெட்ட எண்ணம் இல்லாமல் இருந்தால்தான் இனி அப்பத்தைத் தொடுவது என்று தீர்மானம். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து. முப்பத்தாறைத் தாண்டியதே இல்லையாம்.

ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் சொன்னதும் சித்தி என்னிடம், "போதகரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுடா. திருவிருந்தைத் தனியா எடுத்து எடுத்து அலுத்துப்போச்சு. ஒரு தடவை அவரோட சேர்ந்து எடுக்கணும்," என்றாள்.

சித்தப்பா கேட்டுக்கொண்டுதான் நின்றார். "இன்னும் கொஞ்ச நாள் பொறு. ஞாயித்துக்கிழமை வந்தா முப்பத்திரெண்டு. அப்புறம் எட்டு நாள்தானே."

"எட்டு நாள்ல நீங்க தேறிருவீங்க. நான் இருக்கணுமே."

நாற்பதில் முப்பத்திரண்டு, எண்பது சதவீதம். என் கல்லூரியில் அது முதல் வகுப்பு. அவருக்கு அது தோல்விதான்.

ஞாயிறு மதியம் அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சித்தியால் விழுங்க முடியவில்லை. அப்போதுதான் மாற்றிய விரிப்பில் மூன்றாவது முறையாகக் கஞ்சி வழிந்தது.

"வேணும்னே பண்றியா? சாகப்போற நேரத்துலயும் இவ்வளவு வீம்பா?"

சொன்ன பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். விரிப்பை மாற்றினார். மேசையிலிருந்து ரப்பரை எடுத்து, ஒரு கோடு விடாமல் எல்லாவற்றையும் அழித்தார். நான் வாசலில் நின்றேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குப் போதகர் வந்தார். என்னைவிட நான்கைந்து வயதே மூத்தவர், வியர்த்திருந்தார்.

"அவளுக்குக் குடுங்க ஐயா," என்றார் சித்தப்பா. "எனக்கு நாள் எல்லாம் அழிஞ்சுபோச்சு."

போதகருக்குப் புரியவில்லை. சித்தி மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"நாற்பதுன்னு யாரு வச்சதுண்ணே?"

"நானா வச்சதுதான்."

"முடிஞ்சா?"

"தகுதி வரும்."

"தகுதியோட வந்த ஆளை நான் இன்னும் பார்த்ததில்ல. வர்ற வழியில ஒரு லாரிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டுத்தான் நானே வர்றேன். முதல் தடவை ஆண்டவர் அப்பத்தைப் பிட்டப்ப சுத்தி இருந்தவங்க மட்டும் யாரு? அன்னைக்கு ராத்திரியே அவரை விட்டுட்டு ஓடினவங்கதானே."

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்குத் தகுதியில்லாம எடுத்தேன். புள்ள போச்சு."

அதை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"புள்ள என் வயித்துலதாங்க இருந்துச்சு," என்றாள் சித்தி. "உங்க கையெழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கையெழுத்து தப்புதான், இல்லேங்கல. ஆனா அதுக்கு நம்ம புள்ளையவா கடவுள் கேப்பாரு? தன் புள்ளையையே குடுத்தவரு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "சாகப்போறவன்னு இப்பத்தானே சொன்னீங்க. அந்த வாயோடயே வாங்க. கழுவ வேண்டாம். இங்க உக்காருங்க."

அவர் நின்றார். ஒருமுறை வாசல் பக்கம் திரும்பினார். பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

போதகர் அப்பத்தைப் பிட்டார். சித்திக்குத் திராட்சை ரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தார். சித்தப்பா தன் துண்டை உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சித்தி.

"காஞ்சுபோய் இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கச் சற்று நேரம் ஆனது.

போதகர் கிளம்பும்போது சித்தப்பா வாசல்வரை போனார். "ஐயா, எனக்கு ஒண்ணுமே தோணல. மரத்துப்போன மாதிரி இருக்கு. அப்ப இது செல்லுமா?"

"தோணினாத்தான் செல்லும்னு ஆண்டவர் சொல்லலையே அண்ணே. அதை வச்சு இன்னொரு நாற்பது ஆரம்பிச்சுராதீங்க."

புதன்கிழமை காலையில் சித்தி போய்விட்டாள். அடக்கத்தில் சித்தப்பா அழவில்லை. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். நான் சமைத்ததைச் சாப்பிட்டார். உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு, சட்டையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று காரணமே இல்லாமல் என்மேல் எரிந்து விழுந்தார். சபைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். திருவிருந்துக்கு அழைத்ததும் எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்றே நினைத்தேன். முன்னால் போய், முட்டி போட்டு, கையை நீட்டினார்.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டேன். "இன்னைக்கு ஏதாவது தோணுச்சா சித்தப்பா?"

"இல்லடா," என்றார். "குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்."