காய்ச்சல் இல்லாதவனுக்குச் சீட்டு இல்லை

இலங்கையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்தேன். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம்கூட ஆகியிருக்காது. உலகமெல்லாம் சுற்றிய ஃபுளு காய்ச்சல் தோட்டத்து ஆள்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களுக்கும் ஏறி வந்தது. பன்னிரண்டு கட்டிலில் நாற்பது பேர். பார்க்க இரண்டு அட்டெண்டன்மார்: வேலை தெரிந்த அவன், வாய் மட்டும் தெரிந்த நான்.

தோட்டத்து ஆள்கள் சொந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் வருவார்கள். செத்துப்போனால் அதை லைசோல் மருந்துத் தண்ணீரில் அலசி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. அந்த மூடுபனியில் எது காயும்? ஈரக் கம்பளியோடுதான் போய் நிற்க வேண்டும். வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து, அந்த வேலையை அவன் தலையில் கட்டினேன். பெரிய வீரன் நான்!

மூன்றாவது வாரம் அவன் கம்பளிகளைக் கொடுக்காமல் ஸ்டோரில் அடுக்கத் தொடங்கினான். மடிப்பான், பிரிப்பான், மறுபடி மடிப்பான்.

"என்ன மச்சான், கம்பளிக் கடை போடப்போறியா? நானும் பங்குக்கு வரேன்" என்றேன். வார்டே சிரித்தது.

"புள்ளையைப் பறிகொடுத்த அந்த ஆத்தா கம்பளியை வாங்கிப் பிரிச்சுப் பாக்குதுடா" என்றான் அவன். "உள்ளே புள்ளை இருக்கிற மாதிரி."



அன்றைக்கே, ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருந்த டிஸ்பென்சர் ஐயாவிடம் அவனுக்கு லீவுச் சீட்டு கேட்டேன். நூறு டிகிரி இருந்தால்தான் சீட்டு. கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தொரை போட்ட சட்டம், எங்களுக்கும் அதேதான்.

"காய்ச்சல் இல்லையே. வேலைக்குப் போகச் சொல்லு."

"அவன் தூங்கி ஆறு நாளாச்சுங்கய்யா."

"அதை எந்தத் தெர்மாமீட்டர்ல பாக்குறது?"

மறுநாள் என் மூளை வேலை செய்தது. தெர்மாமீட்டரை என் பிளேன் டீயில் லேசாகத் தொட்டு எடுத்திருக்க வேண்டும். புத்திசாலி, முக்கிவிட்டேன். பிறகு அவன் வாயில் வைத்து, ஐயா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நூற்றெட்டுக்கு மேலே போயிருக்கு. இந்நேரம் செத்திருக்கணுமே! யாரைடா கூட்டிட்டு வந்திருக்கே?"

மருந்துக்கு நின்ற வரிசை சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது, வெட்கங்கெட்ட ஜென்மம்.

அவன் கைகூப்பினான். "செத்துட்டேன்னே எழுதிருங்கய்யா. சீட்டு மட்டும் குடுங்க."

"ஆள் நடுங்குறது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

"தொரைகிட்ட போய்க் கத்து."

நான் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தொரைக்குப் பாதி, ஐயாவுக்குக் கால் என்று பங்கு போட்டுப் பார்ப்பேன். எப்படிப் போட்டாலும் என் பங்குதான் பெரிதாக வருகிறது.

பத்து நாள் கழித்து அவனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. நூற்று இரண்டு. "வந்துருச்சு மச்சான், வந்துருச்சு!" என்று தெர்மாமீட்டரை என் மூக்குக்கு நேரே ஆட்டிச் சிரித்தான். ஐயா சீட்டு எழுதினார்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்கே வார்டுக்குத் திரும்பச் சொன்னார்கள். சட்டையை மாட்டிக்கொண்டே அழுதான். காய்ச்சல் விட்டதற்காக அழுத ஒருவனை நான் அங்கேதான் பார்த்தேன்.