ஒன்பது எண்பது

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நேரக் கணக்கு நடந்த வாரம். சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்தைக் காட்டியது. அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்கச் சொன்னேன். பெரும்பாலான நோட்டுகளில் 9.80 என்று இருந்தது. மணிக்கு அறுபது நிமிடம்தான் என்று மூன்று நாள் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் வீண்.

கடைசி பெஞ்சுச் சிறுமி எதுவுமே எழுதவில்லை. எப்போதும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பு முடியக் காத்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் போனபோது தோழியிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"இப்போ துபாய்ல எங்க வாப்பாவுக்கு ஒம்பது நாப்பது."

நான் கேட்ட கணக்கின் விடையே அதுதான்.

"ஏட்டி, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பெரிய முள்ள ஒரு சுத்து பின்னால தள்ளணும் டீச்சர். அப்புறம் அரைச் சுத்து."

"தினமும் எதுக்குப் பாக்கே?"

"அங்கன பத்து மணிக்குத்தான் டீ குடிக்க விடுவாவ. அப்போ வாப்பா உம்மாட்ட போன்ல பேசுவாவ. நான் இங்கன பள்ளிக்கூடத்துல இருக்கேன்லா."

அவளைப் பற்றி இத்தனை மாதம் தப்பாகவே நினைத்திருந்தேன்.

மறுநாள் அட்டையில் கடிகாரங்கள் செய்துகொண்டு போனேன். அதே கணக்கைத் துபாய் நேரமாகக் கேட்டேன். முள்ளைத் தள்ளிப் பார்த்ததும் பலருக்குப் பிடிபட்டது. ஒரு பையன் மட்டும் மறுபடி 9.80 எழுதினான்.

"எனக்கு அங்கன யாரும் இல்லையே டீச்சர், நான் எதுக்குக் கழிக்கணும்?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் அவன் கேட்டது நியாயம்தான்.

"சரி, உனக்கு எந்த நேரம் தெரியணும்?"

கொஞ்சம் யோசித்தான். அவன் அம்மா குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தாள்.

"அம்மா ஆறு மணிக்கு வந்துருவா. பள்ளிக்கூடம் நாலு பத்துக்கு விடுது. அம்மா வர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் விளையாடலாம்?"

"நீயே பாரேன்."

முள்ளை நகர்த்தினான். "ஒரு மணி அம்பது நிமிசம்!" என்று கத்தினான்.

அந்தச் சிறுமி தேர்வில் நேரக் கணக்கு எல்லாவற்றுக்கும் விடை எழுதியிருந்தாள், ஓரத்தில் குட்டிக் கடிகாரங்கள் வரைந்து. தமிழ்த்தாளை மட்டும் பாதி வெறுமையாகவே கொடுத்தாள். கதை, பாட்டு, நாடகம் என்று அந்த வருடம் முழுக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். தமிழில் அவளை எது இழுக்கும் என்பதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.