ஏசி பூட்ட வந்தவர்களுக்கு ஒரு சந்தோசம்

ஏசி வாங்கிய கடையில், சுவரில் பொருத்திப் பூட்டித் தரும் கூலி இலவசம் என்று பில்லிலேயே அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய கரைச்சலாகப் போய்விட்டது. கூலி இவ்வளவு என்று போட்டிருந்தால் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இலவசம் என்றால் வந்து வேலை செய்கிறவர்களுக்குக் கையில் ஏதும் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

மகளுக்குப் பிள்ளை பிறந்து, சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட் மூன்றாம் மாடி. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் பின்னறைக்குக் காற்று வராது, பின்னேர வெயில் மட்டும் தவறாமல் வரும். பங்குனி மாதத்தில் அந்த அறைக்குள் பச்சைப் பிள்ளையை வைத்திருக்க ஏலாது. அதனால் மருமகன் கொட்டாஞ்சேனையில் ஒரு ஏசியை வாங்கி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை பூட்ட வருவார்கள், சனிக்கிழமை பிள்ளை வரும். இடையில் ஒரு இரவுதான்.

என் யோசனையை முதலில் மருமகனிடம் சொன்னேன்.

"மாமா, இலவசம் எண்டா இலவசம்தான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

எனக்கு யோசியாதே என்பது மீனைப் பார்த்து நனையாதே என்பது மாதிரி. எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டேன். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "அவைக்குச் சம்பளம் இருக்குத்தானே. நீங்கள் குடுத்துப் பழக்கிவிட்டால் நாளைக்கு எங்களிட்டையும் எதிர்பார்ப்பினம்" என்றார். கீழே வாசலில் இருக்கும் செக்கியூரிட்டிக்காரர் அதற்கு நேர்மாறு. முன்னுக்கே கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் வேலையை ஒழுங்காகச் செய்வார்கள் என்று சிங்களத்தில் இரகசியம் போலச் சொன்னார். அவர் சொன்னதில் கொஞ்சம் தன் பங்கும் இருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனவன் நான். கலியாணக் கூறைக்கு வருகிற சனம் வாங்கி முடித்தபின் எங்களுக்கு ஏதாவது தந்துவிட்டுப் போகும். அதற்குச் சந்தோசம் என்றுதான் பெயர். சிங்களவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். முன்னூறு சேலையைப் பிரித்துக் காட்டிவிட்டு, அதை மடித்து மடித்து, வந்தவரின் கை சட்டைப்பைக்குப் போகிறதா என்று பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு நிற்போம். சிலபேர் பையைத் தொட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுப்பார்கள். பிறகு நாங்கள் அவரைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கேட்டிருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டார். அது தெரிந்தவன் எப்படி ஒன்றும் கொடுக்காமல் இருப்பது? ஆளுக்கு ஆயிரமாக இரண்டு தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்த பிறகுதான் கொடுப்பது என்றும் முடிவு செய்தேன்.

காலையில் வருவதாகச் சொன்னவர்கள் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் ஹட்டன் பக்கத்துத் தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவர்தான் காலையில் வழி கேட்டு என் போனுக்கு எடுத்தவர். மற்றவர் சிங்களவர், கதை குறைவு. சுவரைத் துளைத்தார்கள். வெளிப்பெட்டியை பல்கனியில் ஏற்றினார்கள். செம்புக் குழாயைக் கையால் வளைத்து இழுத்தார்கள். மனைவி தேத்தண்ணியும் கடலை வடையும் கொடுத்தாள். நான் அறைக்கும் பல்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"அய்யா, நீங்க கொஞ்சம் ஒக்காருங்க. நீங்க நடக்குறதப் பாத்து எனக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார் ஹட்டன்காரர்.

வேலை முடிய ஆறரை ஆகிவிட்டது. ஏசியைப் போட்டுக் காட்டினார்கள். குளிர் வந்தது. நான் சட்டைப்பையில் கை வைத்தேன். மனைவி சாமியறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள். அவளோடு அடுப்படிக்கு, குசினிக்குள் போனேன்.

"என்ன செய்யப் போறியள்?"

"சந்தோசம் குடுக்க."

"விளக்கு வச்சாச்சு. வெள்ளிக்கிழமை. நாளைக்குப் பிள்ளை வருது, இண்டைக்கு வீட்டுக் காசை வெளியிலை விடுறியளோ?"

"வேலை செய்த ஆக்களப்பா."

"நான் குடுக்க வேண்டாம் எண்டே சொன்னனான்? விடிய வந்து வாங்கச் சொல்லுங்கோ."

"ஆயிரம் ரூபாய்க்கு விடிய மெனக்கெட்டு வருவாங்களோ? நான் கீழை ரோட்டிலை வச்சுக் குடுக்கிறன்."

"ரோட்டிலை குடுத்தாலும் அது இந்த வீட்டுக் காசுதானே."

அவள் சொல்வதிலும் எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கடையில் முதலாளி வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் கடன் கொடுக்கமாட்டார், சம்பள முற்பணமும் கொடுக்கமாட்டார். ஆனால் இதை வெளியே வந்து அந்த இரண்டு பேரிடமும் எப்படிச் சொல்வது? கொடுக்க மனமில்லாதவன் சாமியைச் சாட்டுகிறான் என்றுதானே நினைப்பார்கள். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தம்பி, உங்களுக்கு ஒரு சந்தோசம் தரவேணும். சில்லறை இல்லாமல் போச்சு. நாளைக்குத் தாறன்."

"எவ்வளவு நோட்டுங்க? கீழ கடை இருக்கே, மாத்திக்கிட்டு வந்துர்றேன்."

"கடை பூட்டியாச்சு."

கடையில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. ஹட்டன்காரர் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரிங்கய்யா, பரவால்ல" என்று பையைத் தூக்கினார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கதவுப்பிடியைப் பிடித்தபடி, "ஓம், ஓம், நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். லிஃப்டுக்குப் போகும்போது சிங்களவர், இந்த வீட்டின் ‘நாளைக்கு’ அடுத்த புதுவருசத்துக்குத்தான் வரும் என்று சிங்களத்தில் சொன்னார். புறக்கோட்டையில் காலம் தள்ளியவனுக்கு அது விளங்காது என்று நினைத்திருக்கிறார்.

அவர்கள் போனபிறகு பல்கனிக்குப் போய்ப் பார்த்தேன். ஏசித் தண்ணீர் போகும் ஹோஸிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நேரே கீழ்வீட்டுப் பல்கனிக்கு. அந்த வீட்டுக்காரர் எங்கள் பூச்சாடித் தண்ணீருக்கே ஒருமுறை மேலேறி வந்து சண்டை பிடித்தவர். நாளைக்குப் பிள்ளையோடு வருகிற நேரம் அவரும் வந்து நின்றால்? ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். ஹோஸ் எட்டவில்லை. ஸ்டூலை வைத்து அதன்மேல் வாளியை ஏற்றினேன். தெறிக்காமல் இருக்க ஹோஸை அடிவரை விட்டேன். அதன்பிறகுதான் சாப்பாடு இறங்கியது. பிள்ளை வருமுன் அறை குளிரட்டும் என்று ஏசியை இரவு முழுக்க ஓடவிட்டோம்.

விடிய மனைவி கூப்பிட்ட சத்தத்தில் எழும்பிப் போனேன். ஏசிக்குக் கீழே சுவர் முழுக்க ஈரம். தண்ணீர் வழிந்து, பிள்ளைக்கு வாங்கி வைத்த புது மெத்தையின் ஒரு பக்கம் ஊறிக் கிடந்தது.

"காசு குடுக்காததுக்கு வேணுமெண்டு செய்துபோட்டுப் போயிட்டாங்களோ?" என்றேன்.

"விளக்கு வைக்க முந்தியே வேலை முக்கால்வாசி முடிஞ்சுது. அதுக்கு முந்தியே உங்களைக் கண்டுபிடிச்சிட்டாங்களோ?" என்றாள். ஆனால் அவளுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. இராகுகாலம் முடிந்து பத்தரைக்குப் பிறகு வருவதாக மகள் சொல்லியிருந்தாள்.

கம்பனிக்கு எடுத்தேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, கடைசியில் ஒரு பெண்பிள்ளை செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னது. ஹட்டன்காரரின் நம்பர் என் போனில் கிடந்தது. முதல் நாள் பொய் சொல்லி அனுப்பிய மனிதரிடம் எந்த முகத்தோடு கதைப்பது? போனை மேசையில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். மனைவி வந்து தானே நம்பரை அமத்திக் கையில் தந்தாள்.

"சொல்லுங்கய்யா."

"தம்பி, ஏசி வீட்டுக்குள்ளை ஒழுகுது. பச்சைப் பிள்ளை வரப்போகுது."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு."

"நான் சில்லறையும் மாத்தி வச்சிருக்கிறன்."

சொன்னவுடனேயே பிழை விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? கல்கிசையில ஒரு வேல இருக்கு. போற வழியில எட்டிப் பாக்குறேன்."

எட்டிப் பார்ப்பது என்றால் வருவதா, வராமல் விடுவதா என்று நான் மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார், தனியாக. ஏசியை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். திறக்கவில்லை. நேரே பல்கனிக்குப் போய் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாருங்க வச்சது?"

"கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் எண்டு..."

ஹோஸை வாளியிலிருந்து இழுத்தார். ஏப்பம் விட்டது போல ஒரு சத்தத்தோடு தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"ஹோஸ் வாயி தண்ணிக்குள்ள முங்குனா தண்ணி போகாதுங்க, உள்ளுக்குத்தான் திரும்பும். அதுலயும் நீங்க மேல வேற தூக்கி வச்சிருக்கீங்க. வழக்கமா போகும்போது இதச் சொல்லிட்டுத்தான் போவேன். நேத்து நீங்க கதவச் சாத்துறதுலயே நின்னீங்களே."

"தம்பி, இவர் கனவிலை மழை பெய்தாலும் வாளி வைப்பார்" என்றாள் மனைவி.

அவர் பையிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்து ஹோஸோடு பொருத்தி, பல்கனித் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைவரை சரிவாக இழுத்துக் கட்டினார். நான் இரண்டு தாளையும் எடுத்து நீட்டினேன். அப்படியே நேற்றைய விஷயத்தையும் சொன்னேன்: சில்லறை இருந்தது, கடையும் திறந்துதான் இருந்தது, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபடியால்தான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத நேத்தே சொல்லியிருக்கலாமே. எங்க அம்மா வெள்ளிக்கெழம வெளக்கு வச்சா பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடக் குடுக்காது. அந்தாளுதான் வழியெல்லாம் ஒங்களத் திட்டிக்கிட்டே வந்தாரு." ஒரு தாள் மற்றவருக்கு என்று சொல்லி இரண்டையும் பையில் வைத்தார்.

அவர் சப்பாத்துப் போடுகிற நேரம் லிஃப்ட் திறந்தது. மகள், மருமகன், மகளின் கையில் பிள்ளை. மனைவி ஆலாத்தி எடுக்கத் தட்டோடு ஓடிவந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஹட்டன்காரர் ஒதுங்க இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஆலாத்தி முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பிள்ளையைச் சுற்றியிருந்த துணிமடிப்புக்குள் வைத்தார்.

"ஐயோ, வேண்டாம் தம்பி" என்றாள் மனைவி.

"புள்ளைய வெறுங்கையோட பாக்கக்கூடாதுங்கம்மா." படியால் இறங்கிப் போய்விட்டார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

நான் மெத்தையின் நனைந்த பக்கத்தைத் திருப்பிப் போட, அதன்மேல் மனைவி ஈரம் ஊறாத இறப்பர் சீற்றும் துணியும் விரிக்க, பிள்ளையைக் கிடத்தினோம். மருமகன் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாப் பூட்டியிருக்கிறாங்கள். மாமா, அவைக்கு ஒண்டும் குடுக்கேல்லைத்தானே?"

"குடுத்தனான். பாதி திரும்பி வந்திட்டுது."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் சரியாக விளங்கவில்லை. மற்றவருக்குப் போய்ச் சேரவேண்டியது போகும். இவருக்கு நான் கொடுத்த கணக்கா, கொடுக்காத கணக்கா? இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு கல்கிசைக்குப் போகலாமா என்று யோசித்தேன்.

"பேசாமல் இருங்கோ. அது பிள்ளைக்கு வந்த காசு. அதை நீங்கள் திருப்பிக் குடுத்தால்தான் அவருக்கு மரியாதைக்குறைவு" என்றாள் மனைவி.

போன் எடுத்தாவது ஒரு வார்த்தை சொல்வோம் என்று நம்பரைத் தேடினேன். என் நம்பரைக் கண்டால் திரும்பவும் ஒழுகுகிறதென்று நினைத்து அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பிள்ளை நித்திரை. மெதுவாகப் போய் ஏசிக்குக் கீழே சுவரைத் தடவிப் பார்த்தேன். காயத் தொடங்கியிருந்தது.